2,200 பவுண்டு கேட்ட ஃபெல் குட்டி: ஒரு விலையை எடைபோட்ட விதம்

கேட்ட விலை 2,200 பவுண்டு. கொடுக்க நினைத்த விலை 900. இரண்டுக்கும் நடுவே, முழங்கால் வரை சேறு அப்பிய, கண்ணை மறைக்கும் நெற்றிமயிரோடு ஒரு கறுப்புக் குதிரைக்குட்டி நின்றுகொண்டிருந்தது.

நான் வட இங்கிலாந்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். "இந்தக் குட்டிக்கு இந்த விலை தகுமா?" என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பெரும்பாலும் வாங்கி முடித்த பிறகுதான் வரும், அதுதான் வருத்தம். இந்த முறை வாங்கும் முன்பே வந்தது. இரண்டு தரப்புக் கணக்கையும் பார்க்க முடிந்தது, பிறகு என்ன ஆனது என்றும் கவனிக்க முடிந்தது. அதனால் முழுவதுமாக எழுதி வைக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

வாங்க நினைத்தவள் என் மனைவியின் சித்தி மகள். இங்கேயே வளர்ந்தவள். ஒன்பது வயதிலிருந்து குதிரை ஏறுகிறாள். நான்கு ஏக்கர் புல்வெளியும் வயதான ஒரு குதிரையும் வைத்திருக்கிறாள். இதற்கு முன் இரண்டு குட்டிகளை அனுபவசாலிகளோடு சேர்ந்து பழக்கியிருக்கிறாள். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பழக்காத குட்டியும் பழக்கம் இல்லாத ஆளும் சேர்ந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நஷ்டம்தான். அவளுக்கு அந்த அனுபவம் இல்லாதிருந்தால் நான் விலையைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டேன்.

குட்டி ஃபெல் இனத்தைச் சேர்ந்தது. வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள கம்ப்ரியாவின் மேய்ச்சல் மலைகளை 'ஃபெல்' என்பார்கள், அங்கே உருவான மட்டக்குதிரை இது. ஈயமும் கம்பளியும் முதுகில் ஏற்றி மலைப்பாதைகளில் வரிசையாக நடந்த பொதிக்குதிரைகளின் வழி. உயரம் 14 கையைத் தாண்டக் கூடாது (ஒரு கை என்பது 4 அங்குலம்). பிடரியும் வாலும் அடர்ந்து, கணுக்காலில் நீளமாக முடி தொங்கும். பிரிட்டனின் நாட்டு மட்டக்குதிரைகள் என்று எக்ஸ்மூர், டார்ட்மூர், நியூ ஃபாரஸ்ட், வெல்ஷ், ஹைலண்ட், டேல்ஸ், ஷெட்லாண்ட் என ஒரு பட்டியலே உண்டு. ஒன்றின் விலையை வைத்து இன்னொன்றின் விலையைச் சொல்ல முடியாது. மலையிலிருந்து நேரே ஓட்டி வந்த, மனிதக் கையே படாத குட்டி ஏலத்தில் அற்ப விலைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, "அங்கே இவ்வளவுதானே" என்று வளர்ப்பவரிடம் போய் நிற்பது நியாயமில்லை. ஏலக் குட்டியைத் தொட முடியாது. இதைத் தொட முடியும். அந்த வித்தியாசத்துக்கும் ஒரு விலை உண்டு.

நாங்கள் பார்த்தது ஒரு பிப்ரவரி மாதம். குட்டி பிறந்தது மே மாதம். அதாவது 21 மாதம், இரண்டு வயதை நெருங்குகிறது. பெட்டைக்குட்டி.

900 எங்கிருந்து வந்தது

"என்ன அத்தான், சேணமே போடாத குட்டிக்கு 2,200 கேக்குறாங்க. நான் கணக்குப் போட்டுட்டேன், 900க்கு மேல வராது" என்றாள் காரில் போகும்போதே.

அவள் கணக்கு இது. அதே பண்ணையின் ஐந்து வயதுப் பெட்டை ஒன்று, நன்றாக ஏறப் பழகியது, முந்தின வருடம் 4,500க்கு விலைபோயிருந்தது. இந்தக் குட்டி அந்த நிலைக்கு வர இன்னும் மூன்று வருடம். சொந்தப் புல்வெளி இருப்பதால் வைக்கோல், குளம்பு சீவுதல், புழுமருந்து, தடுப்பூசி, காப்பீடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 800 என்று வைத்தால் 2,400. நான்கு வயதில் ஒரு பயிற்சியாளரிடம் எட்டு வாரம் விட்டுச் சேணம் பழக்க 1,200. 4,500இல் இரண்டையும் கழித்தால் 900.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் இந்தக் கணக்கு ஒரு தரப்பின் கணக்கு. மூன்று வருடத் தீனியை விற்பவர் தலையில் கட்டுகிறது. அந்த மூன்று வருடமும் குட்டி இவள் தோட்டத்தில்தான் நிற்கப்போகிறது, அதை வளர்க்கும் சந்தோஷத்துக்காகத்தான் இவள் பழக்காத குட்டியைத் தேடுகிறாள். அப்புறம், குட்டி இன்றுவரை தானாக வளரவில்லை. தாய்க்குத் தீனி, பொலிகுதிரைக்குக் கட்டணம், இரண்டு குளிர்காலத்து வைக்கோல், குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட், கழுத்தில் பதிக்கும் மைக்ரோசிப், குளம்புக்காரர் எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசலாம் என்று சொன்னேன்.

வளர்ப்பவர் எழுபதைத் தாண்டிய அம்மா. சமையலறை மேசையில் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம். இந்தக் குட்டியின் பக்கத்தை மறைக்காமல் திருப்பிக் காட்டினார். அன்றுவரை செலவு 1,300 பவுண்டுக்குச் சற்று மேல். அதில் அவர் உழைப்புக்கு ஒரு காசுகூடச் சேர்க்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு இவள் 900 என்ற சொல்லை எடுக்கவே இல்லை.

காகிதம்

பிரிட்டனில் பாஸ்போர்ட் இல்லாமல் குதிரையை விற்கவோ வாங்கவோ கூடாது. குட்டியின் பாஸ்போர்ட்டை இனச் சங்கமே கொடுத்திருந்தது, தாய் தந்தை வழி முழுவதும் பதிவாகி இருந்தது. ஸ்கேனரைக் கழுத்தின் இடப்பக்கம் வைத்து மைக்ரோசிப் எண்ணைப் படித்து, பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். பொருந்தியது. இந்த அரை நிமிட வேலையைப் பலர் செய்வதில்லை. ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட்டில் பெயர் இருப்பது உடைமைக்குச் சான்று ஆகாது. விற்பனை ரசீது தனியாக எழுதி வாங்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பாஸ்போர்ட்டைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவும் வேண்டும்.

வம்சப் பதிவு இருந்தாலே விலை கூடும். கூடட்டும், அது நியாயம்தான். இந்தப் பதிவு இல்லாவிட்டால் நாளை விற்கும்போது அது வெறும் 'கறுப்பு மட்டக்குதிரை'.

குட்டியின் பக்கத்தில்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதை வாய் திறந்து பார்க்காமல் வரக் கூடாது. முன்பற்கள் எல்லாம் பால்பற்கள், ஒன்றுகூட மாறவில்லை. நடுப்பற்கள் சுமார் இரண்டரை வயதில்தான் விழுந்து முளைக்கும். எனவே சொன்ன வயது சரி. மேல்வரிசையும் கீழ்வரிசையும் நேராகப் பொருந்தின.

உயரம் 12 கை 3 அங்குலம். இரண்டு வயதில் குதிரை தன் முழு உயரத்தில் சுமார் 95 சதவீதத்தைத் தொட்டிருக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் இது 13 கை 1 அல்லது 2 அங்குலத்தில் நிற்கும். இவளுக்கு அது போதும். பிட்டம் தோள்மேட்டைவிட ஒரு விரல்கட்டை உயர்ந்து, குட்டி முன்பக்கம் சாய்ந்தாற்போல் தெரிந்தது. "முதுகு சரியில்லையோ" என்று இவள் கேட்டாள். இந்த வயதில் பின்பக்கம் முதலில் வளரும், முன்பக்கம் பிறகு எட்டிப்பிடிக்கும். இதற்காக விலையைக் குறைக்கக் கேட்பது தவறு.

குளிர்கால முடி ஏமாற்றும். ஃபெல்லின் மேல்முடி விரலளவு நீளம், பார்த்தால் கொழுகொழு என்று இருக்கும். கையை முடிக்குள் விட்டு விலாவில் அழுத்தினேன். எலும்பு சட்டென்று தட்டுப்பட்டது, வயிறு மட்டும் தொங்கியது. புழுவாக இருக்கலாம் என்று சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொன்னேன். அதிகமாகவே இருந்தது. மருந்தில் சரியாகக்கூடியதுதான்.

கணுக்கால் முடியைப் பிரித்துத் தடவினேன். பின்னங்கால் இரண்டிலும் சொரசொரவென்று பொருக்கு. காலில் நீண்ட முடி உள்ள இனங்களுக்கு ஒருவகைச் சிற்றுண்ணித் தொல்லை அடிக்கடி வரும், அதுதான். இதுவும் தீரும், ஆனால் மருத்துவச் செலவு உண்டு.

பிப்ரவரியில் பார்க்கவே முடியாத நோய் ஒன்று உண்டு. 'ஸ்வீட் இட்ச்' என்பார்கள். கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சியின் கடிக்கு வரும் ஒவ்வாமை. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை பிடரியையும் வால் அடியையும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு. குளிரில் எல்லாம் ஆறி முடி மூடிவிடும். அதனால் பிடரியின் மேல்விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, காதிலிருந்து தோள் வரை உருட்டிக்கொண்டே வந்தேன். தேய்த்துப் பழகிய தோல் தடித்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். இதன் தோல் மெல்லிசாக நழுவியது. வால் அடியில் முடி அறுந்த தடயம் இல்லை. போதாது என்று போன ஜூலையில் எடுத்த படங்களைக் கேட்டோம். அந்த அம்மா பேத்தியின் கைபேசியிலிருந்து மூன்று படம் எடுத்துக் காட்டினார். வால் முழுசாக இருந்தது.

குளம்பு கருநீலம், கெட்டி, வெடிப்பில்லை. நடக்கும்போது முன்னங்கால் நுனி லேசாக உள்ளே திரும்பியது. பெரிய குறைபாடு இல்லை, பாதிப்பும் வராத அளவு. கண்காட்சிக் குதிரையாக விற்பதென்றால் பேசலாம். இவளுக்கு அது தேவையில்லை.

இனி, விலையில் பெரும்பங்கு எதற்கு என்று என்னைக் கேட்டால், பழக்கத்துக்கு என்பேன். "நன்றாகக் கை பழகியது" என்று விற்பவர் எல்லோருமே சொல்வார்கள். அந்தச் சொல்லை நான்காக உடைத்துப் பார்க்க வேண்டும். பிடிக்க வருகிறதா, கயிற்றில் நடக்கிறதா, காலைத் தூக்க விடுகிறதா, வண்டியில் ஏறுகிறதா? தொழுவத்துக்குள் நிற்கும் குட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தொழுவத்தில் அதற்கு ஓட வழியில்லை.

களத்தில் தலைக்கயிறு போட விட்டது. நிதானமாக நடந்தது, நிறுத்தினால் நின்றது, பின்னால் தள்ளினால் இரண்டடி வைத்தது. டிரெய்லர் பலகையில் முன்கால் இரண்டையும் வைத்து முகர்ந்துவிட்டு ஏறியது. முன்னங்கால்கள் கொடுத்தது. பின்னங்காலுக்கு இவள் கை போனதும் உடம்பு இறுகியது. உதைக்கவில்லை. மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டது, காது பின்னால் திரும்பியது, கால் விலகியது. இவள் கையை எடுக்காமல் தொடையிலேயே வைத்து நின்றாள். ஒரு நிமிடம் போயிருக்கும். குட்டி பெருமூச்சு விட்டு உதட்டை நக்கியது. அப்போது கையை எடுத்தாள். பயம்தான், முரண்டு இல்லை. பயம் வாரக்கணக்கில் தீரும், முரண்டு பல மாதம் கேட்கும்.

அப்புறம் வயலில் விட்டுப் பிடிக்கச் சொன்னேன். வளர்ப்பவரே போனார். மூன்று மீட்டர் தூரத்தில் நின்று பார்த்தது, விலகியது, மறுபடி நின்றது. 25 நிமிடம் ஆயிற்று. நான் அதைக் குறித்துக்கொண்டேன், ஆனால் அதற்கு விலை போடவில்லை. அது என் தவறு. கடைசியில் சொல்கிறேன்.

முடிவேர் சொன்ன செய்தி

2,200 ஏன் என்று நேராகவே கேட்டோம். "பெட்டை என்பதால்" என்றார் அந்த அம்மா. "இதே வயது, இதே பழக்கம் உள்ள காயடித்த ஆண்குட்டி என்றால் 1,500." வெறும் வாய்ப்பேச்சு இல்லை. முந்தின இலையுதிர்காலத்தில் அப்படி இரண்டை விற்றிருந்தார், வாங்கிய ஒருவரிடம் இவள் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டாள்.

எனக்கு இது பெரிய உதவி. குட்டியின் விலை இரண்டு துண்டாகத் தானே பிரிந்துவிட்டது. 1,500 ஏறும் குதிரைக்கு, 700 நாளைக்குக் குட்டி போடும் தாய்க்கு. முதல் துண்டை நியாயம் என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது துண்டு உண்மையா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஃபெல் இனத்தில் அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்த இனத்துக்கு எஃப்.ஐ.எஸ். என்ற பரம்பரை நோய் உண்டு. குட்டி பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சில வாரத்தில் சோகை பிடிக்கும், எதிர்ப்புச் சக்தி உருவாகவே உருவாகாது, சுமார் மூன்று மாதத்துக்குள் இறந்துவிடும். சிகிச்சை கிடையாது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஒன்றிடமிருந்து மட்டும் வந்தால் அது 'சுமப்பது', தனக்கு ஒன்றும் ஆகாது. 2010 முதல் இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. பிடரி முடியை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும்.

தந்தை சுத்தம், தாய் சுமப்பது என்று நோட்டிலேயே எழுதியிருந்தது. அப்படியென்றால் குட்டி சுமக்க வாய்ப்பு சரிபாதி. சோதனை செய்யவில்லை. மறைக்கவில்லை, செய்யத் தோன்றவில்லை என்றார். பாதிப் பாதிச் செலவில் முடியை அனுப்பினோம். வந்த பதில்: சுமக்கிறது.

இவள் உடனே, "அப்போ அந்த 700ஐ மொத்தமா விட்டுடலாம்ல அத்தான்?" என்றாள்.

அதை நான் ஏற்கவில்லை. சுமக்கும் பெட்டையைச் சுத்தமான பொலிகுதிரையோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டிகள் சுமக்கும், அவ்வளவுதான். எண்ணிக்கையில் சிறுத்துப்போன இனத்தில் சுமக்கிற பெட்டைகளை எல்லாம் ஒதுக்கினால் நல்ல கால், நல்ல குணம், நல்ல வம்சம் எல்லாம் கூடவே போய்விடும். சோதனை வந்ததே அவற்றைக் கவனத்தோடு பயன்படுத்தத்தான். ஆகவே தாய் மதிப்பு பூஜ்யம் இல்லை. குறைந்த மதிப்பு. துணை தேர்வது சுருங்குகிறது, பிறக்கும் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், வாங்குபவர்கள் தயங்குவார்கள். பாதி என்று மதித்தேன்: 350. சூத்திரம் ஒன்றும் கிடையாது, என் தீர்ப்பு. இன்னொருவர் 250 என்றால் சண்டைக்குப் போக மாட்டேன். பூஜ்யம் என்றால் போவேன்.

பேச்சு

1,500, 350 சேர்த்து 1,850. புழுமருந்துக்கும் கால் பொருக்குச் சிகிச்சைக்கும் 100 கழித்தால் 1,750. பின்னங்கால் பழக்கத்துக்கு இன்னொரு 100 கழிக்கக் கேட்கலாம் என்று இருந்தோம். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பணத்தைக் குறைக்காதீர்கள், மூன்று வாரம் கொடுங்கள், நான் பழக்கித் தருகிறேன்" என்றார். எனக்கு இது மனதுக்கு மிகவும் பிடித்தது. நூறு பவுண்டு கையில் வந்தால் அந்தப் பயம் தீராது. குட்டிக்கு நன்கு தெரிந்த கையே அதைத் தீர்த்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

சிறுவயதில் மாட்டுச் சந்தையில் அப்பாவோடு நின்றிருக்கிறேன். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர் பேசும் விலை வேறு யாருக்கும் தெரியாது. இங்கே மேசைமேல் எல்லாக் கணக்கும் விரிந்து கிடந்தது. பேரம் என்று சொல்வதற்கே எதுவும் மிஞ்சவில்லை, பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

வாங்கும்முன் மருத்துவப் பரிசோதனையை நான் செய்யவில்லை. உறவுக்காரர் வாங்கும்போது அந்தச் சான்றில் நான் கையெழுத்திடுவது சரியல்ல. வேறு மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்தார். முழுப் பரிசோதனைக்கு ஐந்து கட்டம், அதில் குதிரையைக் கடுமையாக ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. ஏறிப் பழகாத குட்டிக்கு அது பொருந்தாது என்பதால் இரண்டு கட்டத்தோடு நிறுத்தினார். கண், இதயம், தொப்புள், கால்கள், கயிற்றில் நடை, ஓட்டம். பிறகு ரத்தம் எடுத்து வைத்தார். ஆறு மாதம் பாதுகாப்பார்கள். குட்டியின் குணம் பின்னால் மாறினால், அன்று மயக்க மருந்து கொடுத்திருந்தார்களா என்று பார்க்க அது உதவும். நான் கண்டதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

மார்ச் மாதம் போய் ஏற்றி வந்தோம். நான்கு காலையும் கொடுத்தது. பணம் கொடுத்ததும் அந்த அம்மா 20 பவுண்டு நோட்டு ஒன்றை எடுத்து இவள் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினார். குதிரை விற்றவர் வாங்கியவருக்கு ராசிக்காகக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். தலைக்கயிற்றையும் குட்டியோடே அனுப்பினார். ஆனையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு விலை கேட்கிற ஆள் அவர் இல்லை.

14 மாதம் கழித்து

இதை எழுதும்போது குட்டிக்கு மூன்று வயதாகிறது. உயரம் 13 கை 1 அங்குலம். பிட்டமும் தோள்மேடும் சமமாகிவிட்டன. நடுப்பற்கள் மாறிவிட்டன. ஒரு முழுக் கோடை கடந்தது, பிடரி தேயவில்லை. கால் பொருக்கு இரண்டு சுற்று மருந்தில் போயிற்று. மலைப்புல்லில் வளர்ந்தது பள்ளத்தாக்குப் புல்லில் சட்டென்று கொழுத்தது. இந்த இனங்களுக்குக் குளம்பு அழற்சி எப்போதும் வாசலில் நிற்கும் ஆபத்து என்பதால், மேய்ச்சலை மின்வேலி போட்டுச் சுருக்கச் சொன்னேன். இன்னும் யாரும் முதுகில் ஏறவில்லை, நான்கு வயதில்தான்.

1,750 சரியான விலையா? பெரும்பாலும் சரி. ஆனால் அந்த 25 நிமிடத்தை நான் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். புது இடத்துக்கு வந்ததும் அது முற்றிலும் பிடிகொடுக்கவில்லை. குளம்புக்காரர் இரண்டு முறை வந்து வெறுங்கையோடு திரும்பினார், வந்த கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. இவள் வேலை முடிந்து தினமும் மாலையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு வயல் நடுவே உட்கார்ந்தாள். கையில் கயிறு இல்லை, தீனி இல்லை, ஒரு புத்தகம் மட்டும். ஏழு வாரம். மழையிலும் உட்கார்ந்தாள். பின்னங்காலுக்கு மூன்று வாரம் கேட்டு வாங்கிய நாங்கள், வயலில் பிடிக்க வருவதையும் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த அம்மாவே அதை முடித்துக் கொடுத்திருப்பார்.

ஏழாவது வாரத்துக் கடைசியில் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். புத்தகத்தின் பக்கத்தில் ஈரமான ஒரு கறுப்பு மூக்கு. கீழே, "அத்தான், பக்கத்தைத் திருப்ப விடமாட்டேங்குது" என்று எழுதியிருந்தாள்.